ஆட்டிசக் குழந்தைகளுக்கு உதவ பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி: குர்லா தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மும்பை: ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை ஒன்று வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம் வீதம் பேச்சுப் பயிற்சிக்குச் செல்வதாகக் கொண்டால், அது நிபுணரின் முன்னிலையில் இருப்பது ஒன்றரை மணி நேரம் மட்டுமே. எஞ்சிய நேரம் முழுவதும் அக்குழந்தை வீட்டில் தாய், தந்தை, பாட்டியுடனும் பள்ளியில் ஆசிரியையுடனும்தான் கழிக்கிறது. ஆட்டிசத்துக்கான உதவியில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிப்பது உலகெங்கும் முதன்மை பெற்றுவருவதற்கு இந்த எளிய கணக்கே அடிப்படை.

மும்பை மாநகராட்சியின் எல் வார்டுக்கு உட்பட்ட குர்லா, மத்திய ரயில் பாதையும் துறைமுக ரயில் பாதையும் சந்திக்கும் இடம். தமிழகத்திலிருந்து வரும் விரைவு ரயில்கள் பல வந்து நிற்கும் லோகமான்ய திலக் முனையமும் இங்குதான் உள்ளது. ஒரு பக்கம் சயனும் தாராவியும், மறுபக்கம் செம்பூரும் என, தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகள் இதைச் சூழ்ந்துள்ளன. இங்கு வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழையும், தெருவில் இந்தியையும், அங்கன்வாடியில் மராத்தியையும், பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலத்தையும் கேட்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு இது பெரிய சுமையாக இருப்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்கோ இதுவே முதல் குழப்பமாகிறது.

ஆட்டிசம் என்பது என்ன?

மதியிறுக்கம் என்றும் தமிழில் வழங்கப்படும் ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் பிறப்பிலிருந்தே அமையும் ஒரு வேறுபாடு. மற்றவர்களுடன் தொடர்புகொள்வதிலும் பழகுவதிலும் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தை ஏற்க இயலாமை, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுதல் ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, பேசத் தொடங்கிய சில சொற்களையும் இழந்துவிடுதல் ஆகியவை ஒன்றரை வயதிலிருந்தே கவனிக்கத்தக்கவை. எல்லாக் குழந்தைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு சொல்கூடப் பேசாத குழந்தையும், ரயில் நேர அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையும் இதே பெயருக்குள் அடங்குவர்.

இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. அதன்படி, ஏறத்தாழ நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. பெரிய தொடக்கப் பள்ளி ஒன்றில் இத்தகைய குழந்தைகள் சிலராவது இருப்பர் என்றே இதற்குப் பொருள். பெயர் சூட்டப்படாமல் 'அடங்காத பிள்ளை', 'ஊமைப் பிள்ளை' என்ற முத்திரையோடு கடைசி வரிசையில் அவர்கள் அமர்ந்திருக்கக்கூடும்.

தாய் மீது சுமத்தப்பட்ட பழி

பெற்றோர் பயிற்சியின் வரலாறு ஒரு தவறான பழியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றிய தமது கட்டுரையில் ஆட்டிசத்தை விரிவாக எழுதினார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், பாசம் காட்டாத தாய்தான் இதற்குக் காரணம் என்ற கருத்து மேலை நாடுகளில் செல்வாக்குடன் இருந்தது. சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் இக்கருத்தை மேலும் பரப்பியது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே தீர்வு என்றும் கருதப்பட்டது.

இக்கருத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளரான அவர் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் ஆவார். ஆட்டிசம் உடலியல் அடிப்படை கொண்டது என்று 1964-இல் வெளியான தமது நூலில் அவர் வாதிட்டார். சிகாகோவில் பயின்று, பெட்டல்ஹைமின் கருத்தை நிராகரித்த எரிக் ஷாப்லர் ஒருபடி மேலே சென்றார். பெற்றோரைச் சிகிச்சையாளரின் பங்காளிகளாக்கி, குழந்தையுடன் எவ்வாறு பழகுவது என்று அவர்களுக்கே கற்றுக்கொடுத்தார். இம்முறை 1972-இல் வட கரோலினா மாநிலத்தின் அரசுத் திட்டமாகவே ஏற்கப்பட்டது. இன்று இந்தியச் சிறப்புப் பள்ளிகளில் காணப்படும் பட அட்டவணை, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் ஒதுக்குதல் போன்ற வழக்கங்கள் பலவற்றில் அத்திட்டத்தின் தாக்கத்தைக் காணலாம்.

பழைய பழி முற்றிலும் மறைந்துவிடவில்லை. 'வேலைக்குப் போகிறாள், அதனால்தான் பிள்ளை பேசவில்லை', 'கைபேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்' என்ற பேச்சை மருமகள்கள் இன்றும் கேட்க நேர்கிறது. அளவுக்கு மீறிய திரை நேரம் பேச்சு வளர்ச்சிக்கு நல்லதல்ல என்பது உண்மை. ஆனால், ஆட்டிசம் தாயின் வளர்ப்பால் வருவதன்று. ஆகவே, நல்ல பயிற்சித் திட்டம் எதுவும் முதல் வகுப்பிலேயே இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இல்லையெனில், 'உங்களுக்குப் பயிற்சி வேண்டும்' என்ற அழைப்பே, 'நீங்கள் சரியாக வளர்க்கவில்லை' என்று தாயின் காதில் விழும்.

கோவாவில் கிடைத்த சான்று

பெற்றோர் பயிற்சி உண்மையிலேயே பயன் தருமா என்பதைத் தெற்காசியாவில் முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடைபெற்றது. இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2010-இல் முடிவுகள் வெளியான ஒரு முறையை, நம் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்து இதில் பயன்படுத்தினர். கோவாவில் சங்கத் என்ற தன்னார்வ நிறுவனம் இதை நடத்தியது. 2 முதல் 9 வயது வரையிலான 65 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். இரு வாரங்களுக்கு ஒருமுறையாக 12 அமர்வுகள் நடைபெற்றன. அமர்வுகளை நடத்தியவர்கள் மருத்துவர்களோ பேச்சுப் பயிற்சியாளர்களோ அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே.

குழந்தையுடன் பெற்றோர் விளையாடுவதை வீடியோவாகப் பதிவு செய்து, பின்னர் அதைப் பெற்றோருடன் சேர்ந்து பார்ப்பதே இம்முறையின் மையம். 'இந்த இடத்தில் குழந்தை உங்களைப் பார்த்தது, கவனித்தீர்களா?' என்று பணியாளர் சுட்டிக் காட்டுவார். முடிவுகள் லான்செட் மனநல மருத்துவ இதழில் வெளியாயின. குழந்தையின் போக்கை அறிந்து அதற்கேற்பப் பெற்றோர் பதிலளிப்பது கூடியிருந்தது. குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்ள முற்படுவதும் கூடியிருந்தது. அதேவேளை, இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் குறைந்திருந்ததையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் பதிவு செய்துள்ளனர். பயிற்சி எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று விளம்பரம் செய்வோர் இந்த இரண்டாம் பகுதியைச் சொல்வதில்லை.

உலக சுகாதார அமைப்பும் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பராமரிப்பாளர்களுக்கென ஒரு திட்டத்தை உருவாக்கியுள்ளது. ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட இத்திட்டத்தையும் நிபுணர் அல்லாதவர்களே நடத்தலாம். தமிழகத்தில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் நிறுவப்பட்ட அமர் சேவா சங்கம், சமூக மறுவாழ்வுப் பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பி, குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலி ஒன்றில் பதிவுசெய்து, குடும்பத்துக்குப் பயிற்சி அளித்துவருகிறது. மும்பைத் தமிழர்களில் பலரின் பூர்விகம் பழைய திருநெல்வேலிச் சீமை. விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் இந்த மையத்தைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

தாய்மார்களுக்கு எதைக் கற்றுத் தருகிறார்கள்?

பயிற்சி என்றவுடன் கரும்பலகையும் பாடக் குறிப்பும் நினைவுக்கு வரலாம். உண்மையில் இதன் பெரும்பகுதி அன்றாட வேலைகளுக்குள்ளேயே நடைபெறுகிறது. முதற்பாடம், குழந்தை எதைக் கவனிக்கிறதோ அதைத் தாமும் கவனிப்பது. குழந்தை தரையில் அமர்ந்து டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தால், மூடியைப் பிடுங்கிவிட்டுப் படப் புத்தகத்தைத் திணிப்பது பெரியவர்களின் இயல்பு. பயிற்சி பெற்ற தாய் இன்னொரு மூடியை எடுத்து அருகில் அமர்ந்து தாமும் சுழற்றுவார். குழந்தை ஒருகணம் நிமிர்ந்து பார்க்கும். அந்தக் கணம்தான் தொடக்கம்.

இரண்டாவது, காத்திருப்பது. குழந்தை கேட்பதற்கு முன்பே தண்ணீரை நீட்டிவிடும் தாயிடம் குழந்தைக்குக் கேட்கும் தேவையே எழுவதில்லை. குவளையைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, சில நொடிகள் பேசாமல் நிற்க வேண்டும். குழந்தை கையை நீட்டினாலும், ஓர் ஒலி எழுப்பினாலும், அதையே பேச்சாக ஏற்று 'தண்ணி வேணுமா? இந்தா தண்ணி' என்று உடனே கொடுக்க வேண்டும். முழுச் சொல்லையும் சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது இம்முறைக்கு எதிரானது. பேச்சு வராத குழந்தை படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்பதை ஊக்குவித்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இதற்கு ஆதாரம் இல்லை.

மூன்றாவது, அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் காணச் செய்வது. 'முதலில் குளியல், பிறகு ஊஞ்சல்' என்று இரண்டு படங்களை ஓர் அட்டையில் ஒட்டிக் காட்டுவது மிக எளிய முறை. சொல் காற்றில் மறைந்துவிடும், படம் நிற்கும். செலவு என்று பார்த்தால் பழைய காலண்டர் அட்டையும் பசையும் போதும்.

அடம்பிடித்தலைக் கையாள்வது பயிற்சியின் கடினமான பகுதி. குழந்தை தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போதோ கடிக்கும்போதோ, அதற்கு முன் என்ன நடந்தது, அதன்பின் குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்கிறார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு காரணம் புலப்படும். குக்கர் விசில், மிக்ஸி ஒலி, எதிர்பாராத விருந்தினர், வழக்கமான பாதை மாறியது, வயிற்று வலி, பல்வலி என்று அது எதுவாகவும் இருக்கலாம். குர்லா ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்குச் செல்லும் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தால், அது செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை அன்று. அந்த இரைச்சலை அதன் மூளையால் வடிகட்ட இயலவில்லை. கணேசோற்சவக் காலத்து ஒலிபெருக்கியும் மேளமும் இத்தகைய குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வரும் சோதனை. நெரிசல் குறைந்த நேரத்தில் பயணம் செய்வதும், காதை மூடும் ஹெட்போன் ஒன்றைப் பையில் வைத்திருப்பதும் பெற்றோர் குழுக்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சிறு வழிகள்.

பயிற்சிக் கையேடுகளில் ஒரு குறை உண்டு. தனி அறை, குட்டி மேசை, அலமாரி நிறைய பொம்மை ஆகியவை உள்ள வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அவை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் குர்லா குடும்பத்துக்கு அந்த அறிவுரை பொருந்தாது. இதற்கு மாற்றாக, ஒரே பாயை ஒரே மூலையில், ஒரே நேரத்தில் விரித்து, அதில் அமர்ந்தால் விளையாட்டு நேரம் என்று குழந்தைக்குப் பழக்கலாம். பாய் விரிப்பதே ஓர் அறிவிப்பு ஆகிவிடும். வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்த இருபது நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்தி வைக்க இணங்குவதுதான் இதில் உண்மையான சிக்கல். எனவே பயிற்சிக்குத் தாயை மட்டும் அழைக்காமல், தந்தையையும் மாமியாரையும் ஒரு வகுப்புக்காவது வரச்செய்வது அவசியமாகிறது. நாள் கூலிக்குச் செல்லும் தந்தைக்கு ஒரு நாள் வகுப்பு என்பது ஒரு நாள் ஊதிய இழப்பு. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் இன்றி இது நடவாது.

வீட்டில் எந்த மொழி?

மும்பைத் தமிழ்ப் பெற்றோரை வெகுவாக வருத்தும் கேள்வி இது. 'பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, எனவே வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், ஒரே மொழியில் பேசுங்கள்' என்ற அறிவுரை பல குடும்பங்களுக்கு அளிக்கப்படுகிறது. அந்த ஒரே மொழியாக ஆங்கிலத்தையோ இந்தியையோ தேர்ந்தெடுக்கும் தாய், தமக்கே சரளமாக வராத மொழியில் நாலைந்து கட்டளைகளோடு நிறுத்திக்கொள்கிறார். 'கம், சிட், ஈட், நோ' என்பதைத் தாண்டி உரையாடல் போவதில்லை. பாட்டி பேசவே தயங்குகிறார். பேச்சுக்கு ஏங்கும் குழந்தையைச் சுற்றி வீடே மௌனமாகிறது.

ஆய்வுகள் இந்த அறிவுரையை ஆதரிக்கவில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடைபெற்று 2012-இல் வெளியான ஆய்வுகள், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை என்று கண்டன. வேறு நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளும் இதே திசையில் அமைந்துள்ளன. பெற்றோர் தமக்கு இயல்பாக வரும் மொழியில், தாலாட்டும் கொஞ்சலும் கோபமும் எதில் வருமோ அதில், குழந்தையிடம் பேசுவதே சரி. பள்ளியில் பயன்படும் முக்கியமான சில சொற்களுக்கு மட்டும், அதாவது தண்ணீர், கழிப்பறை, போதும், வலிக்கிறது, உதவி போன்றவற்றுக்கு, இரு மொழிகளிலும் ஒரே படத்தைப் பயன்படுத்தலாம். சொல் மாறினாலும் படம் மாறாது என்பதால் குழந்தை குழம்பாது.

இதே காரணத்தால், பெற்றோருக்கான வகுப்பும் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மும்பையில் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி, மராத்தியிலேயே நடைபெறுகின்றன. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழாசிரியர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்கு முறையான பயிற்சி அளித்தால், பெற்றோர் வகுப்புகளைத் தமிழில் நடத்துவது எட்டாத காரியமன்று. செலவு மிகுந்த புதிய மையம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஆசிரியர்கள்: சட்டம் சொல்வதும் வகுப்பறை நிலையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெற இச்சட்டம் உரிமை அளிக்கிறது. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க இயலாது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அரசின் கடமை என்று சட்டம் கூறுகிறது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நிற்கும் ஆசிரியைக்கு வழி தெரியவில்லை. பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் நியமனம் குறித்த வழக்கில், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் நிர்ணயித்தது. மத்திய அரசு 2022-இல் இதை அறிவிக்கையாக வெளியிட்டது. ஆயினும் பல மாநிலங்களில் பணியிடங்களே உருவாக்கப்படாததால், 2025 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆட்டிசத்துக்கெனத் தனி டிப்ளமா படிப்பை இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்துள்ளது. எனினும் பணியிடங்கள் முழுவதும் நிரம்பினாலும், சிறப்பாசிரியர் நாள் முழுவதும் ஒரே வகுப்பில் இருக்கப்போவதில்லை. அதனால் பொது வகுப்பு ஆசிரியையின் பயிற்சிதான் குழந்தையின் பள்ளி வாழ்வைத் தீர்மானிக்கிறது.

அடையாளம் காண்பதற்கு ஆசிரியர்களுக்கென ஒரு கருவி உள்ளது. என்சிஇஆர்டி வெளியிட்ட 'பிரஷஸ்த்' என்ற சரிபார்ப்புப் பட்டியலும் செயலியும், முதற்கட்டத்தை வகுப்பாசிரியரும் இரண்டாம் கட்டத்தைச் சிறப்பாசிரியரும் நிரப்பும் வகையில் அமைந்தவை. இது நோயறிதல் அன்று. மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்பதைக் காட்டும் வழிகாட்டி மட்டுமே. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்காக, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பரில் அங்கன்வாடிகளுக்கான நெறிமுறையை வெளியிட்டது. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியிலேயே அடையாளம் கண்டு, மற்றவர்களுடன் சேர்த்துக் கற்பிக்க இது வகை செய்கிறது.

வகுப்பறையில் ஆசிரியை செய்யக்கூடியவை பெரும்பாலும் செலவற்றவை. ஐம்பது குழந்தைகள் நிறைந்த அறையில் ஒருவருக்காகப் பாடத்தையே மாற்ற முடியாது என்ற அவர்களின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருக்கையை மாற்ற முடியும். கதவு, சன்னல், கிறீச்சிடும் மின்விசிறி ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஆசிரியையின் கைக்கெட்டும் தூரத்தில், சுவரோரமாக ஓர் இடத்தை நிலையாகக் கொடுக்கலாம். 'எல்லாரும் நோட்டை எடுத்துப் பதினைந்தாம் பக்கம் திருப்பி, மூன்றாவது கணக்கைப் போடுங்க' என்று ஒரே மூச்சில் சொல்லாமல், அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சொல்லலாம். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே 'இப்போ மணி அடிக்கும்' என்று எச்சரிக்கலாம். 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்ற வற்புறுத்தலைக் கைவிடலாம். பலருக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்பது இயலாத காரியம். இடைவேளையில் உடன் செல்ல ஒரு தோழனையோ தோழியையோ நியமிக்கலாம். விளையாட்டு மைதானமும் கழிப்பறையும்தான் கேலியும் அடியும் நிகழும் இடங்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

எங்கு அணுகலாம்?

குர்லாவிலிருந்து மத்திய ரயில் பாதையில் அடுத்த நிலையமான சயனில், மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை உள்ளது. முதற்கட்டப் பரிசோதனைக்கு அதன் குழந்தைகள் நலப் பிரிவை அணுகலாம். பாந்த்ரா ரெக்ளமேஷனில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் குறைபாடு நிறுவனத்தில், மத்திய அரசின் தொடக்கநிலைத் தலையீட்டு மையம் 2021 ஜூனில் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் அப்போது தொடங்கப்பட்ட 14 மையங்களுள் இது ஒன்று. குழந்தைக்கான பயிற்சியுடன் பெற்றோருக்கான ஆலோசனையும் இத்தகைய மையங்களின் பணி. தன்னார்வ நிறுவனங்களில், 2001-இல் மருத்துவர் விபா கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய உமீத் குழந்தை வளர்ச்சி மையம், பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்துவருகிறது. சிவ்ரியில் 1944 முதல் இயங்கிவரும் ஜெய் வகீல் அறக்கட்டளை சிறப்புப் பள்ளியை நடத்துகிறது. ஃபோரம் ஃபார் ஆட்டிசம் என்பது மும்பைப் பெற்றோர்கள் சேர்ந்து அமைத்த குழு. டெல்லியில் மெர்ரி பருவா என்ற தாய் 1991-இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பு, பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து வந்து தங்கிப் பயிலும் மூன்று மாதப் பயிற்சியால் அறியப்பட்டது.

குறைபாட்டுச் சான்றிதழுக்கு, செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச அளவுகோல் பயன்படுகிறது. சான்றிதழ் பெற்றபின், தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்குக் காப்பு பெறலாம். பயிற்சிச் சிகிச்சைகளுக்கான செலவும் உச்சவரம்புக்கு உட்பட்டு இதில் அடங்கும். 'முத்திரை விழுந்துவிடும்' என்று அஞ்சிச் சான்றிதழ் வாங்காமல் ஆண்டுகளைக் கடத்தும் குடும்பங்கள் இந்தச் சலுகைகளையும் இழக்கின்றன.

முழுமையாகக் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் தெரிவித்தது. நகையை அடகு வைத்து இத்தகைய சிகிச்சைக்குச் செல்லும் முன், அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வீடும் பள்ளியும் ஒரே முறையில்

வீட்டில் ஒரு முறை, பள்ளியில் வேறொரு முறை என்று இருந்தால், இரண்டு பயிற்சிகளும் வீணாகக்கூடும். கழிப்பறைக்குச் செல்ல வீட்டில் நீலக் குவளைப் படத்தைக் காட்டப் பழகிய குழந்தை, பள்ளியில் அதே படம் இல்லாததால் உடையை நனைத்துவிடும். ஆசிரியை அதை அடங்காமை என்று எண்ணுவார். ஒன்றில் கற்றதை இன்னோர் இடத்தில் பயன்படுத்துவது ஆட்டிசக் குழந்தைகளுக்கு இயல்பாக வருவதில்லை. எனவே படம், சொல், பரிசு ஆகிய மூன்றும் இரு இடங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பயிற்சியாளர்கள் பரிந்துரைக்கும் கருவி ஒற்றைத் தாள். மும்பையில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, புதிய வகுப்பாசிரியையிடம் பெற்றோர் இதைக் கொடுக்கலாம். குழந்தையின் பெயர், வீட்டில் அழைக்கும் செல்லப் பெயர், மிகவும் பிடித்தவை, அஞ்சும் ஒலிகள், பசி, வலி, கழிப்பறைத் தேவை ஆகியவற்றை அது எவ்வாறு தெரிவிக்கிறது, கோபம் வந்தால் எது அமைதிப்படுத்தும், எதைச் செய்தால் மேலும் கூடும், வீட்டில் பயன்படுத்தும் படங்களின் நகல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூத்த பிள்ளையோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ உதவினால், மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இதை எழுதிக்கொள்ளலாம். தாளின் பின்பக்கம் காலியாக விடப்படுகிறது. முதல் மாத முடிவில், பள்ளியில் தாம் கவனித்ததை ஆசிரியை அதில் எழுதித் தாயிடம் திருப்பித் தருவதற்காக.